தரிசு என்னும் சொல்: நீலகிரி மேட்டுப் புல்வெளியும் வரையாடும் தோடர் எருமை மேய்ச்சலும்

ஆய்வுச்சுருக்கம்

நீலகிரி மேட்டுப் புல்வெளிகளில் வரையாடு அருகியமையும் தோடர்களின் எருமை மேய்ச்சல் சுருங்கியமையும் பெரும்பாலும் தனித்தனிச் செய்திகளாகவே ஆராயப்பட்டுள்ளன. முன்னது விலங்கியலாருக்கும் பின்னது மானிடவியலாருக்கும் உரியதாகப் பிரிந்து நிற்கிறது. இவ்விரண்டும் ஒரே நிலத்தின் இழப்பால் நேர்ந்தவை என்பதும், அவ்விழப்புக்கு வழிவகுத்தவற்றுள் முதன்மையானது உழப்படாத நிலத்தைத் ‘தரிசு’ என வகைப்படுத்திய சமவெளி வருவாய்க் கணக்கு முறையே என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இன்றுவரையிலான நிகழ்வுகள் வரலாற்று நோக்கில் இங்கு ஆராயப்படுகின்றன.

கலைச்சொற்கள்: தரிசு, மேட்டுப் புல்வெளி, சோலை, வரையாடு, வருடை, மந்து, கூடு, சீகை.

முன்னுரை

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலம் 1880 முதல் 1903 வரை. சீவக சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892ஆம் ஆண்டில், ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் இலண்டனில் நூலாக வெளிவந்தன. இவ்விரு நூல்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டிலும் ஒரு மலை விலங்கு இடம்பெறுகிறது. சிலப்பதிகாரக் காட்சிக்காதையில், மலைவாழ் மக்கள் சேரன் செங்குட்டுவனுக்குக் கொணர்ந்த கையுறைகளுள் வருடையும் ஒன்று. ஹாமில்டன் நூலில் அவ்விலங்கு ‘நீலகிரி ஐபெக்ஸ்’ என்னும் பெயரில் வேட்டைப் பொருளாக வருகிறது.

ஏட்டுச்சுவடியிலிருந்து வருடை அச்சுக்கு வந்த அதே காலத்தில்தான் மலையில் அவ்விலங்கின் வாழிடம் வேகமாகக் குறைந்து வந்தது. அதன் புல்வெளியைப் பகிர்ந்துகொண்டிருந்த தோடர்களின் மேய்ச்சல் நிலமும் உடன் குறைந்தது. இக்குறைவுக்குத் துப்பாக்கி, தேயிலை, அயல் மரம் எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவை அனைத்தும் உண்மையே. எனினும் அவை மலையேறுவதற்கு முன்பே அந்நிலம் வெறுநிலம் என்று முடிவுசெய்யப்பட்டிருந்தது. அம்முடிவின் வரலாற்றை அறிவது காவிரிப் படுகையினருக்கும் தொடர்புடையது. நீலகிரியின் கிழக்குச் சரிவு நீர் பவானியாகவும், பைக்காரா நீர் மோயாறாகிப் பவானியில் கலந்தும், மேட்டூர் அணைக்குக் கீழே கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது.

வருடையும் வரையாடும்

வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளுக்கு மட்டுமே உரிய விலங்கு. திறந்த புல்வெளியில் மேய்ந்து, அச்சம் நேரின் அருகிலுள்ள செங்குத்துப் பாறைக்கு ஒதுங்குவது இதன் இயல்பு. புல்வெளியும் பாறைச்சரிவும் அடுத்தடுத்து அமைந்த இடமே இதற்கு வாழிடமாகும். ‘ஆடு’ எனப் பெயர் பெற்றிருப்பினும், 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதனை இமயத்து வரையாட்டினின்று பிரித்து, செம்மறியினத்திற்கு நெருக்கமான தனிப்பேரினமாக வைத்தது.

சங்க இலக்கியத்தில் வருடை குறிஞ்சி நிலத்து விலங்காகப் பேசப்படுகிறது. ஐங்குறுநூறு அதன் குறுகிய கால்களையும் உயர்ந்த வரையையும் சேர்த்தே காட்டுகிறது. பிற்கால நிகண்டு மரபிலோ வருடை என்பதற்கு எட்டுக்கால் கொண்ட சரபம் என்னும் பொருளும் ஏறியது. கண்ட விலங்கு ஒன்று, காணாதோர் வழக்கில் கற்பனை விலங்காக மாறியதற்கு இச்சொல் ஒரு சான்றாகும். மலையைப் பற்றிய சமவெளியின் அறிவு காலப்போக்கில் நுட்பம் இழந்ததையும் இது காட்டுகிறது எனலாம். நிகண்டில் நேர்ந்தது பொருள் மயக்கம் மட்டுமே. வருவாய்க் கணக்கில் நேர்ந்த மயக்கம் நிலத்தையே மாற்றியது.

உழவு வழிப்பட்ட நிலக்கணக்கு

தஞ்சைப் பகுதி 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்டது. சென்னை மாகாணத்தில் நிலைபெற்ற வருவாய்க் கணக்கு, நிலத்தை நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு எனப் பகுத்தது. தரிசிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என உட்பிரிவுகள் உண்டு. இவ்வகைப்பாட்டின் அளவுகோல் ஏர். உழுத நிலம் நஞ்சை அல்லது புஞ்சை. உழக்கூடியதாயினும் உழப்படாதது தரிசு. தீர்வைக்குப் புறத்தே நிற்பது புறம்போக்கு. மேய்க்கால் எனத் தனியே குறிக்கப்பட்ட நிலமும் புறம்போக்கின் ஒரு கிளையாகவே, உழவர்தம் மாடுகள் மேயும் இடமாகவே கருதப்பட்டது. மேய்ச்சலையே வாழ்வாகக் கொண்டோரின் நில உரிமையைப் பதிவுசெய்ய அதில் இடமில்லை.

இதனை விளங்கிக்கொள்ள மலைக்குச் செல்லவேண்டியதில்லை. அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களில் இராமநாதபுரப் பகுதியிலிருந்து வரும் கீதாரிகள் கிடை போடுவது இன்றும் காணும் வழக்கம். ஆட்டுக்குத் தீவனமும் வயலுக்கு எருவும் அதனால் கிடைக்கின்றன. ஆண்டின் சில திங்கள் அவ்வயல் மேய்ச்சல் நிலமாகவே விளங்குகிறது. அடங்கலிலோ அது நஞ்சை மட்டுமே. மேய்ப்போர் வந்ததும் சென்றதும் கணக்கில் ஏறுவதில்லை. நெல்நாட்டில் இவ்விடுபாட்டால் பெருங்கேடு விளையவில்லை. உழவே முதன்மைத் தொழிலான நிலத்தில் உழவை அளவாகக் கொண்ட கணக்கு பெருமளவு பொருந்தியது. ஏரே இல்லாத ஒரு மேட்டுநிலத்திற்கு அதே கணக்கு சென்றபோதுதான் சிக்கல் எழுந்தது.

கூடும் உடைமையும்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றார். 1820களின் தொடக்கத்தில் உதகையில் குடியிருப்பு அமைக்கப்பட்டது. அப்போது மேட்டுநிலத்தின் நடுப்பகுதி தோடர்களின் மந்துகள் பரவிய எருமை நாடு. தோடர்களிடம் உழவோ வேட்டையோ மரபுத் தொழிலாக இல்லை. பாலும் பால்படு பொருளும் அவர்தம் உணவுக்கும் சடங்குக்கும் அடிப்படை. பால்மனைகள் கோயில்களாகவும், அவற்றைப் பேணுவோர் பூசகர்களாகவும் மதிக்கப்பட்டனர். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பை விரிவாகப் பதிவுசெய்தது. வறண்ட மாதங்களில் எருமைகள் குந்தா மலையின் ஈரமான புல்வெளிகளுக்கு ஓட்டிச்செல்லப்பட்டன. ஆகவே ஒரு மந்துக்கு உரிய நிலம் என்பது அதனைச் சூழ்ந்த வெளி மட்டுமன்று. ஆண்டில் ஒருமுறை சென்று தங்கும் தொலைவுப் புல்வெளியும், இடைப்பட்ட வழியும் அதில் அடங்கும்.

படகர்களும் கோத்தர்களும் தோடர்களுக்குத் தானியமாக அளித்துவந்த ‘கூடு’ என்னும் கொடை இங்குக் கருதத்தக்கது. அது நிலவுடைமைக்குரிய வாரம் போன்றதா, சடங்குவழி மரியாதையா என்பது அக்கால அலுவலரிடையே பெரும் விவாதமாயிற்று. தோடர்களே மேட்டுநிலத்தின் உடைமையாளர் என்றும், குடியேறுவோர் அவர்களுக்கு ஈடு தரவேண்டும் என்றும் சல்லிவன் வாதிட்டார். ஆளுநர் எஸ்.ஆர். லஷிங்டன் தரப்பு அதனை ஏற்கவில்லை. மேய்ப்பது நிலத்தைப் பயன்படுத்துவதாகுமேயன்றி உடைமையாகாது என்னும் கருத்தே இறுதியில் நின்றது.

சல்லிவனை மேய்ச்சலாளரின் தூய பாதுகாவலராகக் கொள்வதும் பொருந்தாது. உதகையைத் தோற்றுவித்து, அயல் பயிர்களையும் குடியேற்றத்தையும் ஊக்குவித்தவரும் அவரே. ஆயினும் உழாத நிலத்திற்கும் உடையவர் இருக்கக்கூடும் என்னும் வாதம் ஆட்சியாளரிடையே ஒருமுறை எழுந்து தோற்றது என்பது வரலாற்றுச் செய்தி. மாற்று வழி அறியப்படாதிருந்தது என்று பின்னர் எவரும் கூறவியலாது.

1860களில் தரிசுநில விற்பனை விதிகளின் கீழ் மலைநிலம் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. அக்காலத்திலேயே ஒவ்வொரு மந்தையும் சுற்றிக் குறிப்பிட்ட அளவு நிலம் தோடர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அந்நிலத்தைப் பிறர் பறிக்காவண்ணம் காத்தது இவ்வொதுக்கீட்டின் நன்மை. எஞ்சிய பரப்பு முழுவதும் அரசுடையது என்பதை ஐயமற நிறுவியது அதன் மறுபக்கம். பருவந்தோறும் இடம்பெயர்ந்த மேய்ச்சல், வரைபடத்தில் சிறுசிறு வட்டங்களுக்குள் நின்றுவிட்டது.

துப்பாக்கியும் நாற்றங்காலும்

வரையாட்டின் முதற்பெரும் வீழ்ச்சி துப்பாக்கியால் நேர்ந்தது. முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம்போல் வெளிறிய நிறம் படரும். அத்தகைய கடாவை வீழ்த்துவது ஆங்கிலேய வேட்டையாளரிடையே பெருமைக்குரியதாயிற்று. சில பத்தாண்டுகளிலேயே இழப்பு வெளிப்படையாகி, 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கமும், 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் தோன்றின. இந்தியாவில் காட்டுயிர் வேட்டையைக் கட்டுப்படுத்திய தொடக்ககாலச் சட்டங்களுள் இது குறிப்பிடத்தக்கது. எனினும் அது காத்தது விலங்கை மட்டுமே. விலங்கு மேயும் நிலத்தைப் பற்றி அதில் அக்கறை இல்லை.

நிலமோ அதே காலத்தில் வேறொரு வழியில் மாறிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியச் சீகையும் கற்பூர மரமும் 1830, 1840களில் நீலகிரிக்கு வந்தன. உதகை, குன்னூர், வெல்லிங்டன் குடியிருப்புகளின் விறகுத் தேவைக்காகக் கற்பூரத் தோப்புகள் பெருகின. 1860 முதல் தொட்டபெட்டாவில் சிங்கோனா நடப்பட்டது. காபியும் தேயிலையும் தொடர்ந்தன. சோலைக்காட்டை வெட்டுவதற்கு அக்காலத்திலேயே தயக்கம் இருந்தது. புல்வெளியில் மரம் நடுவதற்கு எவ்விதத் தயக்கமும் எழவில்லை. மரமற்ற இடத்தில் மரம் நடுவது நிலத்தை மேம்படுத்துவதாகவே எண்ணப்பட்டது.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் மேட்டுநிலத்தின் பெரும்பகுதியைக் காப்புக்காடாக்க வழிசெய்தது. 1890களில் தோடர் பட்டா நிலங்களும், விற்கவோ அடகு வைக்கவோ இயலாதபடி, வனத்துறையின் மேற்பார்வைக்கு வந்தன. புல் புதிதாகத் தளிர்ப்பதற்காகப் பருவத்தில் தீயிடும் மேய்ச்சலாளர் வழக்கம் குற்றமாக்கப்பட்டது. காடு என்றால் மரம் என்றே கொண்ட ஒரு துறைக்குப் புல்வெளி இன்னும் காடாகாத நிலமாகத் தோன்றியது. வருவாய்த் துறையின் ‘தரிசு’ வனத்துறையில் வேறு பெயரோடு தொடர்ந்தது.

விடுதலைக்குப் பின்

ஆட்சி மாறியபின்னும் இப்பார்வை மாறவில்லை. புல்வெளி மாற்றத்தின் வேகம் மிகுந்தது 1950களுக்குப் பின்னரே. தோல் பதனிடுதலுக்கான பட்டைக்காகச் சீகையும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலை போன்றவற்றின் மரக்கூழ்த் தேவைக்காகக் கற்பூர மரமும் பரந்த அளவில் நடப்பட்டன. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்திட்டத்தைத் தொடர்ந்து, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு குந்தா மின்திட்டம் உருவாயிற்று. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு முதலிய நீர்த்தேக்கங்கள் மலைப் பள்ளத்தாக்குகளை நிரப்பின. எருமைகள் வறண்ட மாதங்களில் சென்று மேய்ந்த குந்தா மலைப்பகுதி இவ்வாறு அணையும் தோப்புமாயிற்று. உருளைக்கிழங்கும் பிற காய்கறிகளும் மந்துகளின் எல்லைவரை வந்தன. தோடர் குடும்பங்கள் பலவும் உழவுக்கு மாறின.

இம்மாற்றங்களுள் ஒன்று தனித்துக் கருதத்தக்கது. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வாழ்வளிப்பதற்காக, 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் உருவாக்கப்பட்டன. நிலமற்று வந்தோருக்கு வேலை தருவது அரசின் கடமை. ஆனால் ஓர் எளிய சமூகத்தின் மறுவாழ்வுக்கு நிலம் தேவைப்பட்டபோதெல்லாம் யாருக்கும் உரியதல்லாத மலைநிலம் ஒன்று இருப்பதாக நம்பியமை, முன்சொன்ன வகைப்பாட்டின் தொடர்ச்சியே. புல்வெளியை அழித்தோர் அனைவரும் பேராசை கொண்டோர் அல்லர் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இழப்பின் அளவுக்கு அண்டைமலை ஒரு சான்று தருகிறது. பழனிமலையில் 1973க்கும் 2014க்கும் இடையே மேட்டுப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு 2018இல் காட்டியது. மரத்தோப்பும் வேளாண்மையும் அதற்குக் காரணம். நீர்வளத்திலும் இதன் விளைவு உண்டு. உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் இரட்டை நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்தது. புல்வெளியின் ஒரு பகுதியில் கற்பூர மரம் வளர்த்த நீர்ப்பிடிப்பில், முதற் சுழற்சியிலேயே நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரம் நட்டால் நீர் பெருகும் என்னும் பொதுக்கருத்து மேட்டுப் புல்வெளிக்குப் பொருந்தவில்லை.

மேய்ச்சல்தான் காரணமா

வரையாட்டின் அழிவுக்கு மேய்ச்சலே காரணம் என்னும் வாதத்தையும் இங்கு எதிர்கொள்ளவேண்டும். கால்நடைகள் புல்லுக்குப் போட்டியாகும், நோயைப் பரப்பும் என்பன அதன் கூறுகள். இவ்விரண்டையும் முற்றாக மறுக்கவியலாது. குறுகிய புல்வெளியில் கால்நடை நெருக்கம் மிகுந்தால் காட்டு விலங்கு ஒதுங்குவது இயல்பு. ஆயின் கால வரிசை இவ்வாதத்திற்கு முழுமையாகத் துணைநிற்கவில்லை. எருமையும் வரையாடும் பல நூற்றாண்டுகள் ஒரே மேட்டுநிலத்தில் வாழ்ந்துள்ளன. வரையாட்டின் வீழ்ச்சி தொடங்கியது எருமைகள் பெருகியபோது அன்று, துப்பாக்கியும் தோப்பும் வந்தபோதே. புல்வெளி சுருங்கச் சுருங்க, எஞ்சிய இடத்தில் இரண்டும் நெருக்கப்பட்டன. அந்நெருக்கத்தை மட்டும் தனியே கண்டு மேய்ச்சலாளரைக் குறைகூறுவது விளைவைக் காரணமாகக் கொள்வதாகும்.

இரவிகுளம் இதற்கு ஓர் ஒப்பீடு தருகிறது. மூணாற்றுத் தோட்டக்காரர்களின் வேட்டைக்களமாக இருந்த அப்புல்வெளி 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. வரையாடுகள் மிகுதியாக வாழும் இடங்களுள் அது முதன்மையானது. அங்கும் புல்வெளி தப்பியது, வேட்டைக்களம் என்ற ஒரு பயன் அதற்குச் சூட்டப்பட்டிருந்ததால்தான். முதுவர் பழங்குடியினரின் துணையோடு அங்குக் கட்டுப்படுத்திய தீயிடல் மேற்கொள்ளப்பட்டு வந்துள்ளது. பயனற்றது என முத்திரை பெறாத புல்வெளி நிலைத்தது என்பதே இவ்வொப்பீட்டின் பொருள்.

இமயத்திலிருந்து ஓர் ஒப்பீடு

இமயமலையின் காட்டாடுகளை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் 1969இல் தென்னிந்திய வரையாட்டையும் வந்து கண்டார். இரு மலைகளின் சிக்கல்களும் பல கூறுகளில் ஒத்தவை. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் பரல் என்னும் நீல ஆடும் கால்நடைகளும் ஒரே மேய்ச்சலைப் பகிர்கின்றன. இரை குறைந்த இடத்தில் பனிச்சிறுத்தை கால்நடையைத் தாக்குகிறது. அங்குள்ள கிப்பர் கிராமத்தார், 1990களின் இறுதியில் தம் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியை ஈட்டுத்தொகை பெற்றுக் காட்டு விலங்குகளுக்கென ஒதுக்கினர். ஒதுக்குவோர் மேய்ச்சலாளர் என்பதும், அது உடன்படிக்கையால் நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கவை. தமக்குரியது என ஏற்கப்பட்ட நிலத்தையே ஒருவர் விட்டுக்கொடுக்க இயலும். தோடர்கள் முன் அத்தகைய உடன்படிக்கை வைக்கப்படாமைக்கு, அவர்தம் மேய்ச்சல் உரிமையாக ஏற்கப்படாமையே காரணம்.

அண்மைக்கால முயற்சிகள்

குன்னூர் வழக்கறிஞரும் காட்டுயிர் ஆர்வலருமான இ.ஆர்.சி. டேவிதார் 1975இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மலைத்தொடர் முழுவதிலும் சுமார் 2,200 வரையாடுகளே எஞ்சியுள்ளன என மதிப்பிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்தது. முக்கூர்த்தி 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மறைந்தோர் செல்லும் உலகம் மேற்கே உள்ளது என நம்பும் தோடர்கள் அப்பயணத்தோடு இணைத்துப் போற்றும் மலைமுடியும் அதுவே. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் ரூ.25.14 கோடி மதிப்பிலான நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாயிற்று. 2024ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. கணக்கெடுக்கும் பரப்பும் முறையும் விரிவடையும் நிலையில், இவ்வேறுபாடு முழுவதையும் இனப்பெருக்கமாகக் கொள்வது பொருந்தாது. சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பதும் இத்திட்டத்தின் கூறாகும். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அரசே புல்வெளியைப் புல்வெளியாக ஏற்பது வரவேற்கத்தக்க மாற்றம்.

மேய்ச்சலாளர் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. தோடர்களின் தொகை இன்று சுமார் 2,000. தோடர் எருமை தனி இனமாக ஏற்கப்பட்டிருப்பினும் எண்ணிக்கையில் பெரிதும் அருகிவிட்டது. பால்மனைச் சடங்குக்கு எருமை இன்றியமையாதது. எருமை குறைந்தால் பூசகர் பொறுப்பும், அதனோடு பிணைந்த பாடலும் வழக்கொழியும். எம்.பி. எமனோ 1971இல் வெளியிட்ட தோடர் பாடல் தொகுதியில் எருமைப் பெயர்களும் இடப்பெயர்களும் நிறைந்துள்ளன. அவ்விடங்கள் பல இன்று தோப்புகளாகவோ நீர்ப்பரப்பாகவோ உள்ளன. தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கொம்பு வடிவங்களுக்கு மூலமான எருமைக்கு மேய்ச்சல் நிலம் கிடைக்கவில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், இடம்பெயர்ந்து மேய்ப்போரின் பருவகால உரிமையையும் உரிமையென ஏற்றது. சல்லிவன் காலத்தில் தோற்ற வாதம் ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தில் இடம்பெற்றது எனலாம். தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கினால் இச்சட்டத்தின் கீழ் உரிமை வழங்கல் பல ஆண்டுகள் தடைப்பட்டது. அதற்கிடையே நடுவணரசின் தரிசுநில வரைபடத் தொகுதி ‘சீரழிந்த மேய்ச்சல் நிலம்’ என்பதைத் தரிசின் ஒரு வகையாகவே தொடர்ந்து குறித்துவந்தது. பழைய சொல் இன்னும் வழக்கொழியவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. வரையாட்டின் வீழ்ச்சியும் எருமை மேய்ச்சலின் சுருக்கமும் ஒரே நில இழப்பின் இரு விளைவுகள். உழவை அளவுகோலாகக் கொண்ட நிலக்கணக்கு, உழப்படாத மலைநிலத்தை வெறுமையாகக் காட்டி அவ்விழப்புக்கு வழிவகுத்தது. பின்வந்த பாதுகாப்புச் சட்டங்கள் விலங்கை நிலத்தினின்றும், நிலத்தை மேய்ச்சலாளரினின்றும் பிரித்தே நோக்கின.

புல்வெளி மீட்புப் பணி இப்போதுதான் தொடங்கியுள்ளது. எவ்விடத்தில் சீகையை முதலில் அகற்றுவது, எப்போது தீயிடுவது, எங்கு எருமை மேயலாம், எங்கு வரையாட்டுக்கு ஒதுக்குவது என்னும் முடிவுகள் அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கப்படும். அம்முடிவுகளில் தோடர்கள் கூலியாளராக மட்டும் பங்குபெறின் பழைய வகைப்பாடே புதிய பெயரில் தொடரும். தமிழாய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. தோடர் பாடல்களின் இடப்பெயர்களை வருவாய் ஆவணங்களோடும் வனத்துறை வரைபடங்களோடும் ஒப்பிட்டு, இழந்த மேய்ச்சல் வழிகளை மீட்டு வரையலாம். அவ்வரைபடம் உரிமைக் கோரிக்கைக்கும் புல்வெளி மீட்புக்கும் ஒருங்கே சான்றாகும். எமனோ பதிவுசெய்த பெயர்களை நிலத்தில் அடையாளம் காட்டக்கூடிய முதியோர் மந்துகளில் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் காலத்திலேயே அப்பணியை மேற்கொள்வது நலம்.